காயப் பராமரிப்பு நிறுவனம் வளர யாருடைய பணம்? நான்கு வழிகளை எடைபோடுதல்

ஆறாத புண்ணுக்கான நல்ல டிரெஸ்ஸிங் ஒன்றை உருவாக்கி, உரிமமும் வாங்கி, நான்கைந்து மருத்துவமனைகளில் விற்கவும் தொடங்கிவிட்டவர்கள் அடுத்ததாக வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. பெரிய நிறுவனம் ஒன்று விலை கேட்கிறது. பெரும்பான்மைப் பங்கைக் கொடுத்தால் பணம் தருவதாக முதலீட்டு நிறுவனம் ஒன்று சொல்கிறது. இன்னும் சில ஆண்டுகளில் பங்குச் சந்தைக்கே போய்விடலாம் என்கிறார் தணிக்கையாளர். அவசரம் வேண்டாம், விற்கத் துடிக்காத பொறுமையான உரிமையோடு மெல்ல வளர்வோம் என்கிறார்கள் வீட்டார். எதைத் தேர்வது என்று மருத்துவக் கருவித் துறையில் இருக்கும் வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். இந்த நான்கு வழிகளிலும் நடந்து பார்த்த காயப் பராமரிப்பு நிறுவனங்கள் உலகில் இருக்கின்றன. அவற்றின் வரவும் செலவும் சறுக்கலும் பொதுவெளியில் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்காவின் கேசிஐ, லண்டன் சந்தையில் உள்ள கான்வடெக், ஐஸ்லாந்தின் கெரெசிஸ், ஸ்வீடனின் மோல்ன்லிக்கே ஆகிய நான்கையும் அருகருகே வைத்து இங்கே பார்க்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளர்ச்சிக்கான பணத்தை யாரிடம் வாங்குவது என்பது இரண்டாவது கேள்விதான். நோயாளியின் புண்ணுக்குப் போடும் கட்டுக்குக் காசு கட்டுபவர் யார், அவர் ஒருநாள் அந்த விலையைக் குறைத்தால் அந்த அடியை எந்த உரிமையாளர் தாங்குவார் என்பவையே முதலில் கேட்க வேண்டியவை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் அந்தக் காசுதான். அரசுக் காப்பீடு, தனியார் காப்பீடு, மருத்துவமனை, நோயாளியின் சொந்தப் பை ஆகிய நான்கில் எதிலிருந்து வருவாய் வருகிறது, அதில் எவ்வளவு பங்கு ஒரே விதியை நம்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது சான்று. புண்ணை உலர வைப்பதைவிட ஈரத்தோடு மூடி வைத்தால் மேல்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் வளர்கிறது என்று ஜார்ஜ் வின்டர் பன்றிகளில் செய்த ஆய்வின் மூலம் 1962இல் காட்டினார். இன்றைய நவீன டிரெஸ்ஸிங் தொழில் முழுவதும் அந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் நிரூபிப்பது வேறு, மருத்துவமனையின் கொள்முதல் குழு ஏற்கும்படி நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் நிரூபிப்பது வேறு. பின்னதற்குப் பல ஆண்டுகளும் பெரும் பணமும் வேண்டும். அதற்குக் காத்திருக்கும் பொறுமை எல்லாப் பணத்துக்கும் இருப்பதில்லை.

மூன்றாவது, கைப்பழக்கம். கட்டுப் போடுவது மருத்துவரைவிடச் செவிலியரின் வேலை. அவருக்குக் கற்றுக்கொடுக்காமல் பொருளை மட்டும் அனுப்பினால் ஆபத்தும் நேரலாம். உறிஞ்சு பம்பு வைத்துச் செய்யும் காயச் சிகிச்சையில் இரண்டு ஆண்டுகளில் 6 இறப்புகளும் 77 பாதிப்புகளும் தனக்கு அறிவிக்கப்பட்டதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009 நவம்பரில் எச்சரித்தது. இரத்தக் கசிவே அவற்றில் மிகக் கடுமையானதாக இருந்தது. ஆகவே பயிற்சிக்கான ஆட்களை எப்போதும் குறைக்கக்கூடிய செலவாக எண்ணும் உரிமையாளர் இத்துறைக்குப் பொருந்தமாட்டார். இவற்றோடு உற்பத்தியின் உறுதியையும், முடிவெடுக்கும் உரிமை யார் கையில் மிஞ்சுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

## முதலீட்டு நிறுவனத்தின் கடன்பணம்: கேசிஐ

ஜேம்ஸ் லைனிங்கர் என்ற அவசரச் சிகிச்சை மருத்துவர் 1976இல் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் தொடங்கிய கேசிஐ, முதலில் கட்டில் நிறுவனமாகவே இருந்தது. அசைய முடியாத நோயாளிகளுக்கான சிறப்புக் கட்டில்களை மருத்துவமனைகளுக்கு அது வாடகைக்குவிட்டது. அந்த வாடகைப் பழக்கம்தான் பின்னாளில் அதன் பெருஞ்சொத்தாயிற்று. வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் அர்ஜென்டாவும் மைக்கேல் மோரிக்வாஸும் உருவாக்கிய முறையொன்றின் உரிமத்தை அது வாங்கியது. புண்ணுக்குள் பஞ்சுபோன்ற நுரையை வைத்து, மேலே ஒட்டுப்படலத்தால் காற்றுப்புகாமல் மூடி, குழாய் வழியே பம்பால் உறிஞ்சுவது அந்த முறை. அவர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வுகள் 125 மில்லிமீட்டர் பாதரச அளவு உறிஞ்சலைப் பரிந்துரைத்தன. நம்மூர் மருத்துவமனைகளிலும் வேக் டிரெஸ்ஸிங் என்றே அழைக்கப்படும் இந்தச் சிகிச்சைக்கு அமெரிக்க அனுமதி 1995இல் கிடைத்தது. வீட்டில் பயன்படுத்தும் பம்புக்கு மெடிகேர் என்ற முதியோர் அரசுக் காப்பீடு 2000இல் பணம் தரத் தொடங்கியது.

கதவு திறந்தது அந்த 2000இல்தான். பம்பு வாடகைக்குப் போயிற்று. நுரையும் உறிஞ்சிய நீர் சேரும் கலனும் படலமும் ஒவ்வொரு கட்டுக்கும் புதிதாக விற்றன. கருவியை ஒருமுறை விற்றுவிட்டு ஒதுங்கும் தொழிலுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. 2004இல் நியூயார்க் சந்தைக்கு வந்த நிறுவனம், 2008இல் 170 கோடி டாலருக்கு லைஃப்செல் என்ற திசுப் பொருள் நிறுவனத்தையே வாங்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. 2011இல் ஏபாக்ஸ் பார்ட்னர்ஸ் தலைமையிலான முதலீட்டாளர்கள் கடனையும் சேர்த்து ஏறக்குறைய 630 கோடி டாலர் மதிப்பில் கேசிஐயைச் சந்தையிலிருந்து விலக்கி வாங்கினார்கள்.

இந்த வழியின் மறைவான செலவு இங்கேதான் இருக்கிறது. இத்தகைய கொள்முதலில் வாங்குவோர் தம் பணத்தை ஓரளவே போடுகிறார்கள். மீதி கடனாகத் திரட்டப்பட்டு, வாங்கப்பட்ட நிறுவனத்தின் தலையிலேயே ஏறுகிறது. வட்டி நாள் பார்த்து வரும். விற்பனைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. 2013 ஜூலையில் மெடிகேர் தன் ஏலமுறைக் கொள்முதலின் இரண்டாம் சுற்றில் இந்தப் பம்புகளையும் சேர்த்தபோது விலை இறங்கியது. ஸ்மித் அண்ட் நெஃப்யூ என்ற போட்டி நிறுவனம் 2007இலேயே புளூஸ்கை என்ற சிறு நிறுவனத்தை வாங்கி இந்தச் சந்தைக்குள் நுழைந்திருந்தது. கேசிஐயின் அடிப்படையே ஒரு பல்கலைக்கழகத்தின் காப்புரிமை என்பதால் அந்தப் பக்கமும் சிக்கல் எழுந்தது. 2011இல் உரிமத் தொகையை நிறுத்திய நிறுவனம், வழக்கின் முடிவில் 2014இல் 28 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

புதிய உரிமையாளர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜான்சன் அண்ட் ஜான்சனிடமிருந்து பிரிந்து வந்த சிஸ்டாஜெனிக்ஸ் என்ற டிரெஸ்ஸிங் நிறுவனத்தை 2013இல் வாங்கிச் சேர்த்தார்கள். பெயரை அசிலிட்டி என்று மாற்றினார்கள். 2017இல் லைஃப்செல்லை அலர்கன் என்ற மருந்து நிறுவனத்துக்கு 290 கோடி டாலருக்கு விற்றார்கள். மீதமிருந்ததை 2019 அக்டோபரில் 3எம் கடனோடு சேர்த்து 670 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. அந்த 3எம்மும் 2024 ஏப்ரலில் தன் மருத்துவப் பிரிவைச் சால்வென்ட்டம் என்ற தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. முதலீட்டாளரின் கணக்கில் இது வெற்றி. ஆனால் பதின்மூன்று ஆண்டுகளில் ஒரே பம்புக்கு எத்தனை முதலாளிகள் என்று எண்ணிப் பார்த்தால், பயிற்சி தரும் பணியாளரின் நிலை புரியும்.

மாதந்தோறும் உறுதியான வரவு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, சேர்த்து வாங்கத்தக்க சிறு நிறுவனங்கள் சந்தையில் உள்ளன, தொடங்கியவருக்குச் சில ஆண்டுகளில் வெளியேற விருப்பம் இருக்கிறது என்றால் இந்த வழி பொருந்தும். வரவு ஒரே காப்பீட்டு விதியை நம்பியிருக்கும் இளம் நிறுவனம் இதன் பக்கம் போகவே கூடாது.

## பங்குச் சந்தை: கான்வடெக்

இதைச் சுருக்கமாகவே பார்க்கலாம். சிறு நிறுவனத்துக்கு இது தொலைவில் இருக்கும் கதவு. பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் என்ற மருந்து நிறுவனத்தின் பிரிவாக இருந்த கான்வடெக்கை 2008இல் நார்டிக் கேப்பிட்டல், அவிஸ்டா என்ற இரு முதலீட்டு நிறுவனங்கள் 410 கோடி டாலருக்கு வாங்கி, 2016 அக்டோபரில் பங்கொன்று 225 பென்ஸ் விலையில் லண்டன் சந்தைக்குக் கொண்டுவந்தன. சரியாக ஓராண்டில் சிக்கல் வந்தது. அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவிலிருந்து டொமினிக்கன் குடியரசின் ஹைனா ஆலைக்கு உற்பத்தி வரிசைகளை மாற்றியபோது சரக்கு தடைப்பட்டது. வருவாய் மதிப்பீட்டைக் குறைப்பதாக அறிவித்த அன்றே பங்கு விலை ஏறக்குறைய கால்பங்கு சரிந்தது. 2018 அக்டோபரில் இன்னொரு சரிவு வந்தபோது தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார்.

ஆலையை இடம் மாற்றும்போது சில மாதங்கள் சரக்குத் தட்டுப்பாடு வருவது எந்த உற்பத்தியாளருக்கும் நேரக்கூடியதே. பட்டியலிடப்பட்ட நிறுவனத்துக்கு மட்டும் அது ஊரறிய நடக்கிறது. மூன்று மாதத்துக்கொருமுறை கணக்குக் காட்டும் நெருக்கடி எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மைமெடிக்ஸ் கடுமையான எடுத்துக்காட்டு. பனிக்குடச் சவ்விலிருந்து காயப் பொருள் செய்யும் அந்த நிறுவனம், விநியோகஸ்தர்களுக்கு அனுப்பிய சரக்கை உரிய காலத்துக்கு முன்பே வருவாயாகக் காட்டிய விவகாரத்தில் 2019இல் நாஸ்டாக் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதன் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி 2020 நவம்பரில் பங்கு மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பானது. புதிய நிர்வாகத்தின் கீழ் அதே ஆண்டு நிறுவனம் பட்டியலில் மீண்டும் இடம் பிடித்தது.

பல நாடுகளில் விற்பனை, பலவகைப் பொருள்கள், ஓர் ஆலை நின்றாலும் இன்னோர் ஆலை ஈடுகட்டும் நிலை ஆகிய மூன்றும் இருந்தால் சந்தைக்குப் போகலாம். அவை இல்லாதவருக்குச் சந்தைப் பணம் மலிவாகத் தோன்றினாலும் மலிவானதன்று.

## பெரிய நிறுவனத்திடம் விற்பது: கெரெசிஸ்

ஐஸ்லாந்தின் வடமேற்கு மூலையில், மேற்கு ஃபியோர்டுப் பகுதியில், இசாஃபியோர்துர் என்ற மீன்பிடி ஊர் இருக்கிறது. அங்கே பிடிக்கப்படும் காட் மீனின் தோலைக் காயத்தின் மேல் வைக்கும் பொருளாக மாற்றியது கெரெசிஸ். பன்றி, மாடு போன்ற விலங்குகளின் திசுவில் மனிதனுக்குத் தொற்றக்கூடிய வைரசுகள் இருக்கலாம் என்பதால் அவற்றைக் கடுமையாகச் சுத்திகரிக்க வேண்டும். குளிர்கடல் மீனுக்கு அந்த அச்சம் இல்லாததால் மென்மையாகச் சுத்திகரித்தால் போதும். தோலின் இழையமைப்பும் ஒமேகா-3 கொழுப்பும் சிதையாமல் மிஞ்சும். மீனவர் ஊரின் கழிவு விலையுயர்ந்த மருத்துவப் பொருளாயிற்று. அமெரிக்க அனுமதி 2013இல் வந்தது. 2023 ஜூலையில் டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் 130 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டு நிறுவனத்தை வாங்கியது. அதில் 120 கோடி உடனடித் தொகை. மீதிப் 10 கோடி குறித்த இலக்குகளை எட்டினால் மட்டுமே.

வாங்கியவர் யார் என்பதும் முக்கியம். எலிசே சோரென்சன் என்ற செவிலியர் தம் தங்கைக்காக 1954இல் எண்ணிய, குடல் அறுவைக்குப் பின் வயிற்றில் ஒட்டும் மலப்பையிலிருந்து பிறந்த நிறுவனம் கோலோபிளாஸ்ட். பங்குச் சந்தையில் இருந்தாலும் பெரும்பான்மை வாக்குரிமை இன்றும் அதைத் தொடங்கிய குடும்பத்திடமே இருக்கிறது. நாளை காலை மறுவிற்பனைக்குப் போகாத கை அது. விற்க நினைப்பவர் விலையை மட்டும் பார்க்காமல் வாங்குபவரின் உரிமை அமைப்பையும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மறைவான செலவு விலையின் பிரிப்பில் இருக்கிறது. இலக்கு எட்டினால் மட்டும் தரும் பின்தொகை கெரெசிஸ் ஒப்பந்தத்தில் சிறு பங்கு. மாறாக, கான்வடெக் 2022இல் பன்றி நச்சுக்கொடியிலிருந்து காயப் பொருள் செய்யும் டிரையாட் என்ற நிறுவனத்தை 45 கோடி டாலர் வரை என்று அறிவித்து வாங்கியபோது உடனடியாகத் தந்தது 12.5 கோடிதான். மீதி முழுவதும் பிற்காலத்தைச் சார்ந்தது. பிற்காலமோ விதிகளைச் சார்ந்தது. மீன்தோல், நச்சுக்கொடி போன்றவற்றிலிருந்து செய்யும் தோல் மாற்றுப் பொருள்களுக்கான மெடிகேர் செலவு 2019இல் 25.2 கோடி டாலராக இருந்து 2024இல் 1,000 கோடியைத் தாண்டியது. இந்தப் பெருக்கில் கெரெசிஸின் பங்கு சிறிதே. ஆனால் விதி வரும்போது எல்லாருக்கும் சேர்த்துத்தான் வருகிறது. 2026 தொடக்கத்திலிருந்து இப்பொருள்களில் பெரும்பாலானவற்றுக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 127 டாலர் என்ற ஒரே விலையை அரசு வகுத்துவிட்டது. 2023இல் 120 கோடியை முன்பணமாகப் பெற்றவருக்கும், பெருந்தொகையை எதிர்கால விற்பனையில் கட்டிவைத்தவருக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு விதி காட்டிவிடுகிறது.

ஒரே பொருள், ஒரே நாட்டின் காப்பீடு, தமக்கென்று பெரிய விற்பனைப் படை இல்லை என்ற நிலையில் இருப்போருக்கு விற்பதே சிறந்தது என்பது என் முடிவு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தொடங்கியவர் ஐந்தாறு ஆண்டுகள் செலவிட்டுச் சேர்க்க வேண்டிய விற்பனைப் படை, வாங்குபவரிடம் நாளையே ஆயத்தமாக இருக்கிறது.

## பொறுமையான உரிமையாளர்: மோல்ன்லிக்கே

1849இல் கோத்தன்பர்க் அருகே நெசவு நிறுவனமாகத் தொடங்கிய மோல்ன்லிக்கேவின் சிறப்பு மென்சிலிகோன் ஒட்டுப்பரப்பு. கட்டைப் பிரிக்கும்போது புதிதாக வளர்ந்த தோலும் சேர்ந்து உரியாமல் இருப்பது இதன் பயன். ஒட்டிக்கொண்ட காஸ் துணியைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துப் பிய்த்த வலியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதுவும் ஏபாக்ஸ் கையில் சிறிது காலம் இருந்ததுதான். 2007இல் வாலன்பெர்க் குடும்பத்தின் இன்வெஸ்டர் நிறுவனமும் மார்கன் ஸ்டான்லியின் முதலீட்டுப் பிரிவும் சேர்ந்து 285 கோடி யூரோவுக்கு வாங்கின. 2010இல் மார்கன் ஸ்டான்லி விலக, அன்றிலிருந்து உரிமை ஏறக்குறைய முழுவதும் இன்வெஸ்டரிடமே இருக்கிறது.

பொறுமைக்குக் கிடைத்த பயனை ஒரே ஆய்வில் காட்டலாம். மெல்போர்னில் விபத்துக் காயங்களோடும் கடும் நோயோடும் வந்த 440 பேரில் ஒரு பகுதியினருக்குப் புண் வருமுன்பே இடுப்பிலும் குதிகாலிலும் இந்நிறுவனத்தின் நுரை டிரெஸ்ஸிங்கை ஒட்டிப் பார்த்தார்கள். படுக்கைப் புண் வந்தவர்கள் அவர்களில் 3.1 விழுக்காடு, ஒட்டாதவர்களில் 13.1 விழுக்காடு. புண்ணை ஆற்ற விற்ற பொருள், புண் வராமல் தடுக்கவும் விற்கும் பொருளாயிற்று. மருத்துவமனையே தன் செலவைக் குறைக்க அதை வாங்குகிறது. காப்பீட்டு விதி மாறினாலும் இந்த வரவு அவ்வளவாக ஆடுவதில்லை. ஐந்தாண்டில் விற்றுவிட எண்ணும் உரிமையாளர் இத்தகைய நெடும்பயணத்துக்குப் பணம் போடுவது அரிது.

குறை என்னவென்றால், இத்தகைய உரிமையாளர் எளிதில் அகப்படமாட்டார். அகப்பட்டாலும் முதலில் விலை குறைவாகத் தெரியும், வேகமும் குறையும். போட்டியாளர் ஒரே ஆண்டில் மூன்று நிறுவனங்களை வாங்கும்போது நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும்.

## ஒரே பார்வையில்

| வழி | உடனே கிடைப்பது | மறைவான செலவு | விலை விதி மாறினால் |
|---|---|---|---|
| முதலீட்டு நிறுவனம் | பெருந்தொகை, வாங்கிச் சேர்க்கும் வேகம் | நிறுவனத்தின் மேல் ஏறும் கடன், அடிக்கடி மாறும் உரிமை | வட்டி நெருக்கும் |
| பங்குச் சந்தை | திரும்பத் திரும்பத் திரட்டக்கூடிய பணம் | காலாண்டு நெருக்கடி | பங்கு விலை அன்றே விழும் |
| பெரிய நிறுவனத்திடம் விற்பனை | முழு விலை, ஆயத்த விற்பனைப் படை | கட்டுப்பாடு போய்விடும். பின்தொகை வராமலும் போகலாம் | இழப்பு வாங்கியவருக்கு, பின்தொகை அளவுக்கு உங்களுக்கும் |
| பொறுமையான உரிமையாளர் | காலம் | குறைந்த வேகம், கிடைப்பதே அரிது | தாங்கலாம் |

## நம் பக்கக் கணக்கு

மேலே கண்ட அமெரிக்க வளர்ச்சியை அப்படியே இங்கே பெயர்த்து நடமுடியாது. இந்தியாவில் மருத்துவமனையில் சேர்ந்தால் காப்பீடு ஓரளவு ஏற்கிறது. வீடு திரும்பியபின் மாதக்கணக்கில் நடக்கும் சர்க்கரைப் புண் கட்டுக்கு நோயாளியே பணம் எண்ணிக்கொடுக்கிறார். ஆகவே கேசிஐயின் வாடகை முறை இங்கே மருத்துவமனைக்குள் ஓடும், வீட்டில் ஓடாது. விலை குறைந்த பொருளைப் பெருமளவில் விற்கும் வழியே திறந்திருக்கிறது. மூலப்பொருளுக்கும் அறிவுக்கும் குறைவில்லை: சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜன் காயப் பொருள்களில் நெடுங்காலமாக ஆய்வு செய்துவருகிறது. அத்தகைய ஆய்வுக்கூடத்திடம் உரிமம் வாங்குபவர் கேசிஐயின் உரிமத் தொகை வழக்கை ஒருமுறை படித்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது நல்லது. 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின் கீழ் அதிக ஆபத்து வகுப்புகளான சி, டி பிரிவுகளுக்கு 2023 அக்டோபர் முதல் உரிமம் கட்டாயமாகிவிட்டதால், தரக் கட்டுப்பாட்டுச் செலவையும் வளர்ச்சிச் செலவோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கேட்டவர்களுக்கு நான் முதலில் சொல்வது இது: கடந்த 24 மாத விற்பனை ரசீதுகளை எடுத்து, பணம் கட்டியவர் யார் என்ற வரிசையில் அடுக்குங்கள். பாதிக்கு மேல் ஒரே அரசுத் திட்டத்திலிருந்தோ ஒரே மருத்துவமனைக் குழுமத்திலிருந்தோ வருகிறது என்றால், கடன்பணத்தை மறந்துவிட்டு, வாங்க வந்தவரிடம் முன்தொகையைக் கூட்டிப் பேசத் தொடங்குங்கள். நூற்றுக்கணக்கான சிறு மருத்துவமனைகளும் மருந்துக்கடைகளும் சிறிது சிறிதாகப் பணம் கட்டுகின்றன என்றால் அவசரம் இல்லை. சான்று சேர்க்க ஓர் ஆய்வுக்கு மட்டும் பணம் தேடுங்கள், பெரும்பான்மைப் பங்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி நோயாளிகளின் பையிலிருந்து வருகிறது என்றால், எந்தப் பணத்தை வாங்குவதற்கும் முன்னால் ஒரு கட்டின் விலையை எவ்வளவு குறைக்க முடியும் என்று ஆலைக்குள் போய்ப் பாருங்கள்.